தேதி தெரியும், காரணம் தெரியாது: வரலாற்றுத் தாளில் நான் தோற்றதும் தேறியதும்

முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. தேறிவிட்டேன். போன முறை 11 மதிப்பெண்ணில் போனது, இந்த முறை தேவையானதைவிட 23 கூடுதலாக வந்திருக்கிறது. தூக்கம் இப்போதுதான் ஒழுங்காக வர ஆரம்பித்திருக்கிறது, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். எத்தனை கேள்வி, எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பேசப்போவது ஒரே ஒரு கட்டுரைக் கேள்வியைப் பற்றித்தான், ஏனென்றால் என்னைக் கவிழ்த்ததும் அதுதான், கரை சேர்த்ததும் அதுதான்.

மனித முன்னேற்றத்துக்கு வரலாற்றைப் புரிந்துகொள்வது ஏன் அவசியம்? வார்த்தைகள் மாறும், கேள்வி மாறாது. போன முறை இதைப் பார்த்ததும் பெரிய சந்தோஷம், சுலபமாக இருக்கிறதே என்று முதலில் இதைத்தான் எடுத்தேன். வரலாறு திரும்பும், நேற்றைய தவறு இன்றைய பாடம், வேரில்லாத மரம் நிற்காது என்று நான்கு பக்கம் ஓடியது. நடுவில் 1789, 1914, 1917, 1945 என்று ஆண்டுகளைத் தூவிவிட்டேன். 25க்கு 8.

கோபம் அடங்க இரண்டு மாதம் ஆனது. என்னிடம் 400 அட்டைகள் இருந்தன, ஒரு பக்கம் ஆண்டு, மறுபக்கம் நிகழ்ச்சி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இவ்வளவு பாடுபட்டும் 8 தானா என்று மனது ஆறவே இல்லை. அப்புறம் ஒருநாள் விடைத்தாளின் நகலை எடுத்து, வேறு யாரோ எழுதியதுபோல நினைத்துக்கொண்டு வாசித்தேன். நான்கு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட, இன்னார் இன்ன விஷயத்தைப் பழைய காலத்திலிருந்து தெரிந்துகொண்டார், அதனால் இது மாறியது என்று ஒரு வரி இல்லை. வரலாறு முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், ஏன் என்று சொல்லவே இல்லை. திருத்தியவர்மேல் இருந்த கோபம் அன்றோடு போனது.

அதற்குப் பிறகு படிக்கும் முறையை மாற்றியதற்குக் காரணம் ஒரு நோயின் கதை. ஸ்கர்வி. பாடத்திட்டத்தில் அதற்கு அரைப் பத்திகூட இருக்காது, கடற்பயணங்கள் பகுதியில் ஒரு வார்த்தையாக வந்து போகும். எனக்கு மொத்த வரலாறும் அங்கேதான் திறந்தது.

மாதக்கணக்கில் பழமும் காய்கறியும் இல்லாமல் கடலில் கிடந்தவர்களுக்கு வரும் நோய் அது. ஈறு வீங்கிக் கறுக்கும், பல் ஆடும், என்றோ ஆறிய புண் மறுபடி திறந்துகொள்ளும். 1601ல் கிளம்பிய ஜேம்ஸ் லங்காஸ்டர் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் தன் கப்பலில் இருந்தவர்களுக்குத் தினமும் எலுமிச்சைச் சாறு கொடுத்தார், அவர்கள் நடமாடும் நிலையில் இருந்தார்கள், கூட வந்த மற்ற கப்பல்களில் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். அதாவது மருந்து அப்போதே கையில் இருந்தது. ஆனாலும் 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்நீர், ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் என்று ஆறு விதமாகக் கொடுத்து முதலிலிருந்து சோதிக்க வேண்டியிருந்தது. பழம் ஆறு நாளில் தீர்ந்துபோனது, அதற்குள் அந்த ஜோடியில் ஒருவர் கிட்டத்தட்ட வேலைக்குத் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டார். 1753ல் லிண்ட் இதைப் புத்தகமாகவும் போட்டார். பிரிட்டன் கப்பற்படை எலுமிச்சைச் சாறு தர உத்தரவிட்டது 1795ல். அதன்பின் ஸ்கர்வி கப்பற்படையில் ஏறக்குறைய ஒழிந்தது.

இத்தோடு நின்றிருந்தால் இது ஒரு நல்ல கதை, அவ்வளவுதான். 1860களில் என்ன செய்தார்கள் என்றால், மத்தியதரைக்கடல் பக்கத்து எலுமிச்சையை விட்டுவிட்டு மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த சிறிய பச்சை எலுமிச்சைக்கு மாறினார்கள். தமிழில் நாம் இரண்டையும் எலுமிச்சை என்றே சொல்வதால் முதல்முறை படித்தபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அவர்களும் அப்போது இரண்டின் பெயரையும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்தினார்கள். புளிப்புதான் நோயைத் தீர்க்கிறது, இது இன்னும் புளிப்பு, அப்படியென்றால் நல்லதுதானே என்பது கணக்கு. ஆனால் நோயைத் தீர்த்த பொருள் புளிப்பு அல்ல, அந்தப் பொருள் பச்சை எலுமிச்சையில் மிகக் குறைவு, போதாததற்குச் சாற்றைப் பதப்படுத்திய விதத்தில் இருந்ததும் கெட்டது. நீராவிக் கப்பல் வந்து பயணம் சுருங்கியிருந்ததால் இந்தத் தவறு வெளியே தெரியவில்லை. 1875ல் வடதுருவப் பக்கம் போன பிரிட்டன் பயணக்குழு சாற்றை எடுத்துக்கொண்டே போய் ஸ்கர்வியில் விழுந்தது. உடனே சாறு என்றைக்குமே வேலை செய்யவில்லை, கெட்டுப்போன டின் இறைச்சியின் நஞ்சுதான் காரணம் என்று புதுக் கருத்து கிளம்பிப் பரவியது. 1901ல் அண்டார்டிகாவுக்குப் புறப்பட்ட ஸ்காட்டின் குழுவிலும் ஸ்கர்வி வந்தது. 1907ல் நார்வேயைச் சேர்ந்த ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்கு அதே நோயை வரவழைத்துப் பார்த்த பிறகுதான் உணவில் ஏதோ ஒன்று குறைகிறது என்ற பாதைக்கு ஆராய்ச்சி திரும்பியது. அந்தப் பொருள் வைட்டமின் சி என்று உறுதியானது 1932ல்.

1601லிருந்து 1932 வரை 331 வருடம். ஒரு பழச்சாறுக்கு!

இதைப் படித்த அன்று இரவு என் அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கப்பற்படை செய்ததைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். சாறு கொடு என்ற முடிவு தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது, அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பது கைமாறவில்லை. எந்தப் பழம், யாருக்குக் கொடுத்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை யாராவது திரும்பிப் பார்த்திருந்தால் பழத்தை அவ்வளவு எளிதாக மாற்றியிருக்க மாட்டார்கள். அறிவு தானாகச் சேர்ந்துகொண்டே போகும், நாம் முன்னோரைவிடத் தானாகவே மேலே நிற்போம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, அது அன்றோடு போனது. ரத்தத்தில் எதுவும் இறங்குவதில்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, காரணத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அட்டைகளை மூட்டைகட்டி வைத்தேன். ஒரு நோட்டில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று கட்டம்:

1. என்ன நடந்தது
2. அவர்கள் ஏன் அப்படி நினைத்தார்கள்
3. இது நமக்கு எப்படித் தெரியும்

இரண்டாவது கட்டம்தான் உயிர். வேறு எதைச் செய்யாவிட்டாலும் அதை நிரப்புங்கள். மாதிரிக்கு ஒரு பக்கம்.

என்ன நடந்தது: 1847 மே மாதம், வியன்னா. பிரசவத்துக்கு வந்த பெண்கள் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்த பிரிவில் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்றார் அங்கே பணியாற்றிய மருத்துவர் செம்மல்வைஸ். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு ஜூனில் 2 ஆனது.

ஏன் ஏற்கவில்லை: கெட்ட காற்றால் நோய் வருகிறது என்பது அன்றைய நம்பிக்கை. கிருமிக் கொள்கை இன்னும் நிலைபெறவில்லை, அதனால் கை கழுவினால் ஏன் குறைகிறது என்று அவரால் முழுதாக விளக்க முடியவில்லை. பிணப் பரிசோதனை முடித்துவிட்டு வந்த மருத்துவரின் கைதான் கொன்றது என்பதை மருத்துவர்களே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவரும் விரிவான புத்தகத்தை 1861ல்தான் வெளியிட்டார்.

எப்படித் தெரியும்: ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரிவு, ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சிகள். இரண்டின் இறப்புக் கணக்கும் பதிவேட்டில் இருந்தது, மாணவர் பிரிவில் பல மடங்கு அதிகம். கொலெட்ச்கா என்ற சக மருத்துவர் பிணப் பரிசோதனையில் கத்திக் காயம் பட்டு அதே அறிகுறிகளோடு இறந்தார்.

இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது, 60 பக்கம்தான் போட முடிந்தது. 400 அட்டை எங்கே, 60 பக்கம் எங்கே என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் செம்மல்வைஸ் பக்கத்தை எழுதி முடித்த பிறகு அந்த மருத்துவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு நாம் உறுதியாக நம்பும் எது இப்படிப் பொய்யாகப் போகிறதோ என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. முன்னேற்றத்துக்கும் வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு அந்தக் கேள்விதான், குறைந்தபட்சம் எனக்கு.

கட்டுரைக்கு நான் தயார் செய்த மற்ற உதாரணங்கள், சுருக்கமாக:

து யூயூ. மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன விஞ்ஞானி. மூலிகையைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்துப் பார்த்தார்கள், பலன் நிலையாக இல்லை. 4ஆம் நூற்றாண்டில் கே ஹாங் எழுதிய மருத்துவ நூலில் ஒரு பிடி இலையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, சூடாக்கச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று அதிலிருந்து அவருக்குத் தோன்றியது, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு பிரித்தார். ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது, 2015ல் நோபல் பரிசு. பழைய நூலை அப்படியே நம்பவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை, சோதித்தார். இந்த வாக்கியத்தைக் கட்டுரையில் அப்படியே எழுதினேன்.

பெர்னான்கி. 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் விழுந்தன. அது ஏன் அவ்வளவு நீண்டது என்பதை ஆராய்ந்தவர் 2008 நெருக்கடியின்போது அந்நாட்டு மத்திய வங்கியின் தலைவராக இருந்தார். வங்கிகளை வரிசையாகச் சாயவிடக்கூடாது என்பது அவர் 1930களிலிருந்து எடுத்த முடிவு. 2008லும் லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், அதையும் சேர்த்து எழுதுங்கள், ஆனால் 1933 அளவுக்கு மோசமான நிலை திரும்ப வரவில்லை.

அனேயோஷி. ஜப்பானில் ஒரு சிற்றூர். 1933 சுனாமிக்குப் பிறகு இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதே என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ஊர் அதைக் கேட்டது. 2011ல் அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது.

எதிர்வாதப் பத்தி கட்டாயம் வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வரலாற்றைத் தெரிந்தவரும் வரலாற்றாலேயே தவறுவார். பிரிட்டனின் ஈடன் 1938ல் சர்வாதிகாரிகளுக்கு விட்டுக்கொடுக்கும் கொள்கை பிடிக்காமல் வெளியுறவு அமைச்சர் பதவியை உதறியவர். 1956ல் பிரதமராக இருந்தபோது சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய எகிப்து அதிபர் நாசரிடம் அவர் இத்தாலிய சர்வாதிகாரி முசோலினியைப் பார்த்தார். படையை அனுப்பினார், அமெரிக்காவே எதிர்த்தது, பின்வாங்கினார், 1957 ஜனவரியில் பதவியும் போனது. அவருக்கு வரலாறு நன்றாகவே தெரியும், எது ஒத்துப்போகிறது என்று பார்த்தார், எது வேறுபடுகிறது என்று பார்க்கவில்லை. அதனால் ஒப்புமை எழுதினால் பக்கத்திலேயே வேறுபாட்டையும் எழுதுங்கள், இரண்டு வரி போதும். எனக்கு இந்தத் தடவை 25க்கு 19 வந்ததற்குப் பாதிக் காரணம் இந்தப் பத்தி என்றுதான் நினைக்கிறேன்.

இன்னும் சில:

குழுவாகப் படிக்காதீர்கள். எனக்கு ஒத்துவரவில்லை. மற்றவர் சொன்ன காரணத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டால் இரண்டாவது கட்டத்தை நீங்கள் யோசித்து நிரப்பியதாக ஆகாது.

ஆண்டுகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். காரணம் புரிந்தால் வரிசை தானாக நிற்கும், எனக்கு நின்றது.

பழமொழியில் தொடங்காதீர்கள். ஒரு மனிதர், ஒரு ஆண்டு, ஒரு செயல், அதில் தொடங்குங்கள்.

ஒரு உதாரணத்தை ஒரு பக்கம் எழுதுங்கள், மற்றவற்றுக்கு ஐந்து வரி. எல்லாவற்றுக்கும் சமமாக இடம் கொடுத்தால் எதுவும் நிற்காது.

தாளில் ஆதாரங்களை ஆராயச் சொல்லும் பகுதிக்கும் மூன்றாவது கட்டம்தான் கைகொடுக்கும், எழுதியவர் யார், நேரில் பார்த்தாரா, யாருக்காக எழுதினார் என்று. அதற்குத் தனியாக நான் எதுவும் தயார் செய்யவில்லை.

தேர்வு அறையில் கட்டுரையை முடித்தபோது ஏழு நிமிடம் மிச்சம் இருந்தது. திரும்பிப் படித்தேன். கடைசிப் பத்தியில் வரலாறு திரும்பும் என்று கை பழக்கத்தில் எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, லிண்ட் 1794ல் இறந்தார், கப்பற்படையின் உத்தரவு 1795ல் வந்தது என்று எழுதினேன். அடுத்த வரிக்குள் மணி அடித்துவிட்டது.