பிளாக்கருக்குச் சொந்த டொமைன்: சிநேம் எங்கே சொதப்பும்?

பிளாக்கரில் சொந்த டொமைனைச் சேர்த்தால் அதன் டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடு) இரண்டு சிநேம் ரெக்கார்டு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டிவிடும் பதிவு) போடச் சொல்லும். முதலாவதன் பெயர் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ', இலக்கு 'ஜிஹெச்எஸ்.கூகிள்.காம்'. இரண்டாவது, டொமைன் உங்களுடையதுதானா என்று சரிபார்க்க. நீளமான எழுத்துக்கோவை, கையால் அடிக்காமல் காப்பி பேஸ்ட் செய்யுங்கள்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது பெயர்க் கட்டத்தில்தான். அங்கே முழு டொமைனையும் கொடுத்தால், சில டிஎன்எஸ் பேனல்கள் (ரெக்கார்டு சேர்க்கும் பக்கங்கள்) அதன் வாலில் இன்னொரு முறை டொமைனை ஒட்டிவிடும். சேமித்ததும் பட்டியலைப் பாருங்கள். டொமைன் இரட்டித்திருந்தால் ஒன்றை வெட்டுங்கள். இலக்கில் 'ஹெச்டிடிபிஎஸ்' வேண்டாம், சாய்கோடும் வேண்டாம். அதே பெயரில் பழைய ஏ ரெக்கார்டு (பெயரை நேரே ஐபி எண்ணுக்குக் காட்டும் பதிவு) கிடந்தால் அழித்துவிடுங்கள். சிநேம் உள்ள பெயரில் வேறு ரெக்கார்டு குடியிருக்க முடியாது.

டபிள்யூ இல்லாத வெறும் டொமைனுக்குச் சிநேம் ஆகாததும் இதனால்தான்: அங்கே டொமைனின் நிர்வாக விவரமும் நேம்சர்வர் பெயர்களும் கொண்ட எஸ்ஓஏ, என்எஸ் ரெக்கார்டுகள் கட்டாயம் இருக்கும். மீறிப் போட்டால் மெயில் வருவதே நின்றுபோகலாம். வெறும் டொமைனுக்கு நான்கு ஏ ரெக்கார்டு போடுங்கள்: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. பிறகு பிளாக்கர் செட்டிங்ஸில் ரீடைரக்டை (வெறும் டொமைனுக்கு வருபவரை 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' முகவரிக்கு அனுப்பும் வசதி) ஆன் செய்யுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

டிஎன்எஸ் கிளவுட்ஃபிளேரில் இருந்தால், ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் கிடைக்கும்வரை ரெக்கார்டு பக்கத்தில் உள்ள ஆரஞ்சு மேகத்தை (வருகைகளைக் கிளவுட்ஃபிளேர் வழியாகத் திருப்பும் ப்ராக்ஸி) அழுத்திச் சாம்பலாக்கி, அதாவது ஆஃப் செய்து வையுங்கள். டிடிஎல் (ரெக்கார்டை எத்தனை நொடி கேஷில் வைக்கலாம் என்ற எண்) 3600 என்றால் பழைய விவரம் ஒரு மணி நேரம் கேஷில் நிற்கும். மாற்றுவதற்கு முன்பே 300 ஆக்கிவிடுவது நல்லது.