யூட்டர்பி ஊதினா கன்னம் உப்பாதோ?

பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா எண்டா நான் நிக்கிறது நாதஸ்வரம் வாசிக்கிறவருக்குப் பக்கத்தில தான், சின்ன வயசில இருந்தே அப்பிடித்தான். ஊதுற முனையில செருகுற சீவாளிய வாயில வச்சு ஈரமாக்கி, பீப்பி எண்டு ரெண்டுதரம் ஊதிப் பாத்து, சரிவராட்டி குழலில நூல் கட்டித் தொங்குற மற்றச் சீவாளிய எடுத்து மாத்துவார், பிறகு கன்னம் ரெண்டும் உப்பி கழுத்து நரம்பு புடைக்கும், அந்த முகம் எனக்கு அவ்வளவு அழகு.

இத ஏன் சொல்லுறன் எண்டா, கொஞ்ச நாளா யூட்டர்பியின்ட படங்களத் தேடித் தேடிப் பாக்கிறன். கிரேக்கரின்ட கலைத் தெய்வங்களான ஒன்பது மியூசுகளில ஒருத்தி, இசைக்குரியவ. அப்பா தெய்வங்களுக்கெல்லாம் தலைவரான சீயூஸ், அம்மா நெமோசினி, அந்தப் பேருக்கு அர்த்தமே ஞாபகம். எழுத்தில்லாத காலத்துப் பாட்டெல்லாம் ஞாபகத்தில தானே இருந்தது, அதுக்குப் பிறந்த பிள்ளை இசை எண்டு அந்தச் சனம் யோசிச்சிருக்கு பாருங்கோ!

அவவின்ட கையில இருக்கிறது ஔலோஸ். புல்லாங்குழல் எண்டு கன பேர் எழுதினம், அது பிழை. ரெண்டு குழல ஒண்டா வாயில வச்சு ஊதுறது, ஒவ்வொண்டிலயும் நாணலில செய்த சீவாளி, அப்ப அது எங்கட நாதஸ்வரத்துக்குத் தான் சொந்தம். ஊத எவ்வளவு மூச்சு வேணுமெண்டா, கன்னத்துக்கு மேலால தோல் வார் கட்டிக்கொண்டு வாசிக்கிற ஆக்கள பழைய கிரேக்கச் சாடிகளில கீறி வச்சிருக்கினம். அதீனா எண்ட கிரேக்கத் தெய்வம் கூட ஔலோஸ ஊதிப் பாத்திட்டு, தண்ணியில தன்ட உப்பின கன்னத்தக் கண்டு வெக்கப்பட்டு எறிஞ்சிட்டாவாம், அத மார்சியாஸ் எண்ட காட்டுத் தேவன் எடுத்தது தான் பிறகு பெரிய கதை.

ஆனா யூட்டர்பிக்கு மட்டும் எந்த ஓவியரும் கன்னத்த உப்ப விட்டத நான் காணேல்ல. லூவர் மியூசியத்தில இருக்கிற 2ஆம் நூற்றாண்டு ரோமக் கல்லுச் சவப்பெட்டியில ஒன்பது பேரும் வரிசையா நிக்கினம், இவ குழலக் கையில வச்சுக்கொண்டு சும்மா நிக்கிறா. மியூனிக்கில ஒரு வெள்ளைச் சாடி இருக்கு, கி.மு. 440 அளவில செய்தது, மியூசுகளின்ட மலையான ஹெலிக்கோனில ஒரு பாறையில ஒரு மியூஸ் இருந்து யாழ் வாசிக்கிறா, காலடியில ஒரு குருவி. திருகோணமலை சுவாமி மலையில பின்னேரம் கடலப் பாத்துக்கொண்டு இருக்கிற மாதிரியே ஒரு அமைதி, அந்தப் படத்தில எனக்கு ஒரு குறையுமில்ல, யாழுக்கு மூச்சுப் பிடிக்கத் தேவையில்ல தானே, எங்கட சரஸ்வதியும் வீணையோட அப்பிடித்தான் இருக்கிறா.

குழல் ஊதுற தெய்வத்துக்கு மூச்சு வேணும். நானே கொப்பியில நாலு தரம் கீறிட்டன், கண் வருது, குழல் வருது, கன்னம் இன்னும் சரியா வரேல்ல. அடுத்த திருவிழாவுக்கு பென்சிலும் கொப்பியும் கொண்டு போய் அந்த இடத்தில தான் நிக்கப்போறன்.