காந்தம் ஒட்டாத வண்டி

கோவை கணபதியில் ஒரு டிங்கரிங் பட்டறையில் எட்டு வருடம் இருந்தேன். அங்கே முதலில் கற்றுக்கொண்டது வெல்டிங் இல்லை. துணி சுற்றிய சின்னக் காந்தத்தைக் காரின் மேல் வைத்துப் பார்ப்பது. தகரம் என்றால் பிடித்துக்கொள்ளும். பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியைக் கனமாக அப்பியிருந்தால் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும்.

ஒருநாள் பழைய அம்பாசடர் ஒன்று வந்தது. வேறொரு பட்டறையில் ஆறு மாதம் போட்டு 'முழுசா ரெடி பண்ணின' வண்டி. கருஞ்சிவப்புப் பெயிண்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். கதவுக்கடியில் மட்டும் கொப்புளம் கிளம்பியிருந்தது. சுரண்டினோம். கட்டைவிரல் கனத்துக்குப் பட்டி. அதற்குக் கீழே தகரமே இல்லை. சாக்குத் துண்டைப் பசையில் முக்கி ஓட்டையை அடைத்திருந்தார்கள். மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏனுங்க, வேலை நடக்கறப்போ எடுத்த போட்டோ ஏதாச்சும் இருக்குங்களா?" என்றார். உரிமையாளரின் போனில் இருந்ததெல்லாம் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து எடுத்த படங்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே அபிப்பிராயம்தான். பளபளக்கும் வண்டியைக் காட்டும் கடையை விட, பெயிண்ட் உரித்து நிற்கும் வண்டியைக் கூச்சமில்லாமல் காட்டும் கடையை நம்புவேன்.

கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ரேஸ் கார் கட்டிய ஊர் இது. செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான். அதனாலோ என்னவோ, இங்கே வருகிற பையன்கள் எல்லாருக்கும் வேகம் வேண்டும். பிரேக்கைப் பற்றி எவரும் கேட்பதில்லை. பெரிய வீல் போட்டால் திரும்பும்போது மட்கார்டில் உரசும், ஸ்பீடோமீட்டரும் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துத்தான் காட்டும். சொன்னால் முகம் சுருங்கும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், "ஒண்ணும் ஆகாது தம்பி, எல்லாரும் போடறாங்க" என்று சொல்லும் கடைகளுக்குக் குறைவில்லை. போலீஸ் மடக்கினால் நிற்பது வண்டிக்காரர்தான், கடைக்காரர் இல்லை.

எங்கள் பட்டறை மட்டும் உத்தமமா? தீபாவளிக்குள் முடித்துத் தருகிறோம் என்று சொல்லிப் பொங்கலைத் தாண்டியிருக்கிறோம். அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஒரு கதவுப் பிடிக்காகச் சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டை வரை ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அது தெரிந்தேதான் தேதி சொன்னோம். வேலை கைவிட்டுப் போய்விடுமே என்கிற பயம்.

அந்தக் கருஞ்சிவப்பு வண்டிக்குப் புதுத் தகரம் வெட்டி, மடித்து, வெல்டு வைத்தோம். ஒவ்வொரு நாளும் படம் எடுத்து அனுப்பினோம். எடுக்க வந்தவர் சாவியை வாங்குவதற்கு முன்னால், மேஸ்திரியிடம் காந்தத்தைக் கேட்டார். கதவுக்கடியில் வைத்தார். பிடித்துக்கொண்டது. சிரித்துவிட்டு, இன்னும் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார்.