ஒரு முஷ்டி உயரத்தில் துருவம்

துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க நம் அறிவியல் சார் சொல்லிக்கொடுத்த வழி, நம்மில் பல பேருக்கு இன்னும் மறந்திருக்காது. கையை முன்னால் நீட்டு, முஷ்டியை மடக்கு, முஷ்டியின் அடிப்பக்கத்தை அடிவானத்தில் வை. மேல்விரலை ஒட்டித் தனியாக ஒரு வெள்ளி தெரிந்தால் அதுதான். நீட்டிய கையில் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை, அதாவது 10 டிகிரி. நம் கரை இருப்பது வடக்கே 9 பாகைச் சொச்சத்தில். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, அந்த ஊரில் துருவ நட்சத்திரத்தின் உயரமும் அவ்வளவுதான் என்பதை அவர் இப்படித்தான் மண்டையில் ஏற்றினார். மண்டபம், பாம்பன் வடகரைப் பையன்களுக்கு இது சுலபம். அவர்களுக்கு வடக்கே பாக் விரிகுடா, மறைக்க ஒன்றும் கிடையாது. ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்திலிருந்து வந்த எங்களுக்குக் கடல் தெற்கே. வடக்கே பனங்காடு. ஒரு முஷ்டி உயரத்தில் இருக்கிற வெள்ளியைப் பனைமட்டை மறைத்துக்கொள்ளும். "சார், தெரியலை சார்" என்றால் "மரத்தைத் தாண்டிப் போய்ப் பாருடா" என்பார்.

நம் பழைய மாணவர் சங்க மலருக்குப் பள்ளி நினைவு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பிரம்படியையும் சத்துணவையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் இந்த 9 பாகையைப் பற்றி எழுதுகிறேன். ராத்திரி வானத்தைப் படம் எடுக்கிற என் இப்போதைய பொழுதுபோக்கே அதை நம்பித்தான் நடக்கிறது.

அமீரகம் வந்தபிறகு வானத்தை நிமிர்ந்து பார்க்கிற வழக்கமே விட்டுப்போயிருந்தது. துபாயில் பார்க்கவும் ஒன்றுமில்லை. நிலாவும் நாலு கிரகமும்தான். கூட வேலை பார்த்த மலையாளி நண்பர் ஒருவர்தான் ஒரு குளிர்கால வியாழக்கிழமை ராத்திரி என்னை அல் குவாவுக்கு இழுத்துப்போனார். அல் ஐனுக்குத் தெற்கே உள்ள பாலைவனம் அது. ஓரியன் நட்சத்திர மண்டலத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்கு அடியில் மங்கலாக ஒன்று தொங்குமே, அதை நோக்கிக் கேமராவை வைத்து இரண்டு நிமிஷம் திறந்து வைத்தார். 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற வாயு மேகம், நெபுலா என்பார்கள், கேமராவின் பின்திரையில் ரோஜா நிறத்தில் வந்து நின்றது. அதோடு என் சேமிப்புக்குச் சனி பிடித்தது.

இதில் என்ன வித்தை என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூமி மணிக்கு 15 பாகை சுற்றுகிறது. சும்மா டிரைபாடில் வைத்து 200 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் இரண்டு மூன்று வினாடியிலேயே நட்சத்திரம் கோடாக இழுத்துக்கொள்ளும். அதனால் கேமராவுக்கு அடியில் ட்ராக்கர் என்று ஒரு மோட்டார். 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் கேமராவை அது வானத்தோடு சேர்த்துத் திருப்பும். நிமிஷக்கணக்கில் திறந்து வைத்தாலும் நட்சத்திரம் புள்ளியாகவே நிற்கும். ஆனால் ஒரு படத்தில் பெரிதாக ஒன்றும் வராது. மங்கலான வெளிச்சத்தோடு, கேமராவுக்குள் ஒளியைப் பதிக்கிற சென்சாரின் இரைச்சலும் கலந்து வரும். ராத்திரியில் இலங்கை வானொலியைத் திருகிப் பிடித்துக் கேட்டு வளர்ந்த நமக்கு இரைச்சல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நல்லவேளையாக அந்த இரைச்சல் படத்துக்குப் படம் மாறும், நெபுலா மாறாது. ஒரே இடத்தை அறுபது, நூறு தடவை எடுத்து, சிரில் மாதிரி இலவச மென்பொருளில் அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கி நெபுலா மேலே வரும். இரைச்சல் பாதியாக வேண்டுமானால் நாலு மடங்கு படம் வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஆகாது. குறுக்கே ஓடுகிற செயற்கைக்கோள் கோடுகளையும் அடுக்கும்போதே மென்பொருள் கழித்துவிடும்.

கேமராவிலும் ஒரு கைவேலை உண்டு. நெபுலாக்களில் பெரும்பாலானவை ஹைட்ரஜன் விடுகிற அடர்சிவப்பில், 656 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கின்றன. கடையில் வாங்குகிற கேமராவில், முகங்கள் சிவந்துபோகாமல் இருக்க அந்தச் சிவப்பில் பெரும்பகுதியை வடிகட்டிவிடும் கண்ணாடி ஒன்று சென்சாருக்கு முன்னால் இருக்கும். அதைக் கழற்றிவிடுவார்கள். நான் வாங்கிய பழைய கேனான், முந்தைய சொந்தக்காரர் ஏற்கனவே கழற்றி வைத்திருந்தது. அதில் கல்யாணப் படம் எடுத்தால் மாப்பிள்ளை, பெண், ஐயர் எல்லோரும் செக்கச்செவேலென்று இருப்பார்கள்.

அல் குவாவில்தான் நம் ஊரின் அருமை தெரிந்தது. வானத்தில் மிகப் பிரகாசமான நெபுலாக்களில் ஒன்று கரினா. தென்வானத்தில் இருக்கிறது, அகலத்தில் நாலு முழுநிலா. அதன் நடுவில் இருக்கிற ஈட்டா கரினா என்ற நட்சத்திரம் 1843-இல் வெடிப்பு கண்டு, சில காலம் வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாக நின்றது. அல் குவாவில் அது உச்சத்துக்கு வரும்போதே அடிவானத்திலிருந்து 7 பாகைதான். அந்த உயரத்தில் இருப்பதெல்லாம் மணல் தூசி. மார்ச் மாதம் அங்கே போய் நாலு பேர் நாலு கேமராவோடு தெற்கே பார்த்துத் தவம் கிடப்பார்கள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் ஊரில் இதே கரினா 21 பாகை, இரண்டு முஷ்டி. ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரத் திரள் அங்கே 19, நம் ஊரில் 33. பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து கேலக்ஸி அங்கே எழும்புவதேயில்லை, நம் ஊரில் 11 பாகையாவது கிடைக்கும். அதற்காக வடக்கை இழந்துவிட்டோமா என்றால் அதுவும் இல்லை. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி நமக்கு 58 பாகையில் ஜம்மென்று நிற்கும். மொத்த வானத்தில் நமக்கு எட்டாதது தென்துருவத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் மட்டும்தான். ஐரோப்பாவில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இந்தத் தென்வானத்துக்காக நமீபியாவுக்கும் சிலிக்கும் விமானம் ஏறுகிறார்கள். நாம் லீவுக்கு ஊருக்குப் போனால் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏர்வாடிக் கரையில் தெற்கே பார்த்து நின்றால் எதிரே அப்பா தீவு மாதிரி மன்னார் வளைகுடாத் தீவுகள். ஆள் குடியிருப்பு கிடையாது, விளக்கும் கிடையாது. அதைத் தாண்டி நேர் தெற்கே அண்டார்க்டிகா பனி வரைக்கும் ஓர் ஊரும் இல்லை. நமக்கு வேண்டிய திசை இயற்கையாகவே இருட்டு.

சரி, ஊருக்குப் போனேன். முதல் சிக்கல் அம்மா. நிலா இல்லாத ராத்திரி வேண்டும் என்றால் அமாவாசையை ஒட்டித்தான் போக வேண்டும். "அமாவாசையும் அதுவுமா நடுராத்திரில கடக்கரைக்குப் போறேங்கிறியே, ஒனக்கென்ன கிறுக்கா?" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார். இத்தனைக்கும் தை அமாவாசைக்கு முந்தின ராத்திரியே ராமேஸ்வரத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் அக்னி தீர்த்தத்தில் நிற்கிற குடும்பம்தான் எங்களுடையது. கூட்டமாகப் போனால் புண்ணியம், தனியாகப் போனால் பேய். இரண்டாவது சிக்கல் ரோந்து. நம் கடற்கரை எப்படிப்பட்டதென்று உங்களுக்குத் தெரியும். இலங்கைப் பக்கம் மூஞ்சியைத் திருப்பி ராத்திரி ஒரு மணிக்கு ஒயரும் பேட்டரியுமாக ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் டீ வாங்கிக்கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள். இப்போதெல்லாம் முன்கூட்டியே ஊர்த்தலைவரிடமும் ரோந்துக்காரர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன். தனுஷ்கோடிதான் இதற்கு நல்ல இடம் என்று வெளியூர் நண்பர்கள் சொல்வார்கள். அங்கே பொழுது சாய்ந்தால் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. ட்ராக்கரின் அச்சு துருவத்தை நேராகப் பார்க்க வேண்டும். அதற்காக அதில் ஒரு சின்னக் குழல் இருக்கும். அதன் வழியே துருவ நட்சத்திரத்தைப் பிடித்துக் குறியில் நிறுத்தினால் வேலை முடிந்தது. அல் குவாவில் இது ஐந்து நிமிஷ வேலை, 23 பாகை உயரத்தில் நட்சத்திரம் கண்ணுக்கு எதிரே நிற்கும். நம் ஊரில் அந்தப் பழைய பனங்காடு. பனை இல்லாத திசையில் சீமைக் கருவேலம். அதுவும் இல்லையென்றால் உப்பளப் பக்கத்துப் புழுதியும் ஈரக்காற்றும். இந்தக் கருவிகளைச் செய்கிறவர்கள் 40, 50 பாகையில் வாழ்கிறவர்களை மனதில் வைத்துச் செய்கிறார்கள் போலிருக்கிறது. 9 பாகைக்கு இறக்கினால் எதிர் எடைக் கம்பி டிரைபாட் காலில் போய் முட்டுகிறது. கீழக்கரை ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் வெட்டி, இரண்டு பக்கமும் தட்டு வைத்து, டிரைபாடுக்கும் ட்ராக்கருக்கும் நடுவே வைக்கச் செய்துகொண்டேன். பட்டறைக்காரர் போர்வெல்லுக்கா என்று கேட்டார்.

துருவ நட்சத்திரம் தெரியாமலே அச்சை நேர் செய்யவும் வழி உண்டு. தெற்கு-வடக்குக் கோட்டில், நம் தலைக்குக் கொஞ்சம் தெற்கே போகிற ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக்கோட்டில் நிறுத்தி, சில நிமிஷம் விட்டுப் பார்ப்பது. வடக்கே நழுவினால் அச்சு ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது, தெற்கே நழுவினால் மறுபக்கம். திருகைத் தொட்டுத் தொட்டு நழுவல் நிற்கும் வரை சரிபார்க்க வேண்டும். இப்போது மடிக்கணினியே இரண்டு மூன்று படம் எடுத்து, நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. ஆனாலும் கையால் செய்யக் கற்றுக்கொண்ட அந்த முதல் ராத்திரிகள்தான் எனக்குப் பிடித்தவை.

அப்புறம் உப்பும் பனியும். மார்ச்சில் முன்னிரவுக் காற்று அடங்கினதும் பனி இறங்கும், அரை மணி நேரத்தில் லென்ஸ் கண்ணாடி வியர்த்துவிடும். லென்ஸைச் சுற்றி யு.எஸ்.பி.யில் சூடாகிற பட்டை ஒன்று கட்டியாக வேண்டும். ஏப்ரலில் ராத்திரியிலும் புழுக்கம். சென்சார் சூடாகி இரைச்சல் ஏறும். அதைக் கழிக்க, அதே சூட்டில், அதே நேரத்துக்கு லென்ஸ் மூடியைப் போட்டுக் கொஞ்சம் இருட்டுப் படங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். விடிகிற நேரத்தில் இன்னொரு வரிசை: வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து லென்ஸ் வாயில் இழுத்துக் கட்டி, வெளுக்கிற வானத்தைப் பார்த்து எடுப்பது. லென்ஸில் உள்ள தூசியின் நிழலும் ஓரத்து இருட்டும் அதில் பதிந்துவிடும், பிறகு கணக்குப்போட்டு அழித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் டிரைபாடின் ஒவ்வொரு திருகையும் துடைத்தாக வேண்டும். விட்டால் அடுத்த லீவுக்கு வரும்போது துரு உங்களை வரவேற்கும்.

கரினா வந்தது. வானம் கொஞ்சம் பழுப்பாக இருந்தாலும், அடுக்கி முடித்தபோது நெபுலாவைப் பிளந்துகொண்டு போகிற கறுப்புத் தூசிப் பட்டை துல்லியமாகத் தெரிந்தது. சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டேன். "கலர் ஏத்துப்பா" என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஏற்றமாட்டேன். நம் கண் இருட்டில் அந்தச் சிவப்பைப் பார்க்காது, கேமரா பார்க்கும். அது வரைக்கும் நியாயம். அதற்கு மேல் ஊதாவும் பச்சையுமாகப் பூசினால் பொருட்காட்சி பேனர்தான்.

எனக்கு அதைவிட முக்கியமானது ஒமேகா செண்டாரி. 1986 ஏப்ரலில் ஹேலி வால்நட்சத்திரம் காட்டுகிறேன் என்று சார் விடுதிப் பையன்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? முழுப்பரீட்சை சமயம். வால் ஒன்றும் தெரியவில்லை. தெற்கே பஞ்சு மாதிரி மங்கலாக ஒன்றைக் காட்டி "அதோ" என்றார். பாதிப் பேர் தெரிகிறது என்றோம், சார் சந்தோஷப்படட்டும் என்று. என் படத்தில் ஒமேகா செண்டாரியைப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டு திரண்ட கூட்டம் அது. 17,000 ஒளியாண்டுத் தொலைவு. வெறும் கண்ணுக்கு அது தெரிவதும் மங்கலான பஞ்சாகத்தான். அந்த ஏப்ரல் நடுவில் ஹேலி கடந்துபோனதும் அதே செண்டாரஸ் மண்டலத்தின் வழியாகத்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பஞ்சு. நாம் பார்த்தது எது? இதில் வேடிக்கை, ஒமேகா செண்டாரி சாதாரண நட்சத்திரம் இல்லை என்று 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்துக் குறித்தவரும் அதே எட்மண்ட் ஹேலிதான்.

போன லீவில் பரமக்குடியில் சாரைப் போய்ப் பார்த்து, படத்தைக் காட்டிக் கேட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கண்ணுக்கு ஒட்டி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்கே அன்னைக்குச் சந்தேகம்தான்டா. எப்படியிருந்தாலும் ஹேலி பார்த்ததைத்தானே காட்டியிருக்கேன்" என்றார். வால்நட்சத்திரம் மறுபடி வருவது 2061-இல். அதுவரை இந்த வழக்கைத் தள்ளிவைக்கலாம்.

சங்கத்தின் இந்த வருஷ நிதியில் பள்ளிக்கு ஒரு பெரிய டெலஸ்கோப் வாங்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. வேண்டாம் என்பது என் கட்சி. பெரிய டெலஸ்கோப்பைத் தூக்க நாலு பேர் வேண்டும், அது பீரோவுக்குள் போனால் திரும்ப வராது. 2023 முதல் சீஸ்டார் என்று கையடக்கமான கருவி ஒன்று வருகிறது; 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸ், கேமரா, மோட்டார் எல்லாம் ஒரே பெட்டிக்குள். தானே நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, தானே அடுக்கி, பையன்களின் போனுக்கே படத்தை அனுப்பும். முக்கியமாக, அதற்குத் துருவ நட்சத்திரம் தெரிய வேண்டியதில்லை. பனங்காட்டுக்குள் வைத்தாலும் வேலை செய்யும். திருகிச் சரிபார்க்கிற சுகம் அதில் கிடையாது என்பது என் தனிப்பட்ட வருத்தம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் சாவி இருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். கருவியோடு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் காற்றுப் புகாத டப்பாவும் வாங்கியாக வேண்டும், அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் அமாவாசைக்கு ஊரில் இருப்பேன். அந்தச் சமயம் லீவில் வருகிறவர்கள் சொல்லுங்கள். ரோந்துக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன், வீட்டில் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்.