ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள்

ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறந்த முதல் வாரத்தில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் சாயங்காலம் எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், வந்து உட்காருவார்கள். நான் முதலில் கேட்பது, "ஏழாவது புத்தகமெல்லாம் வச்சிருக்கியா கண்ணு?" என்றுதான். பாதிப் பேரிடம் இருக்காது. ஒருத்தியின் புத்தகம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போயிருக்கும். ஒருவனுடையதைப் பழைய பேப்பர்காரர் எடைபோட்டு வாங்கிப் போயிருப்பார். இன்னொருத்தியிடம் மூன்றாம் பருவம் மட்டும் இருக்காது. அந்த வாரம் முழுக்க வீடு வீடாகக் கேட்டு அந்தப் புத்தகங்களைச் சேர்ப்பதுதான் எங்கள் வேலை.

இவ்வளவு பாடு எதற்கென்றால், எட்டாம் வகுப்பில் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வில் பாதி மதிப்பெண் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பாடம் முழுவதும் அதில் அடக்கம். எட்டாம் வகுப்பில் தேர்வுக்குள் நடத்தி முடிக்கிற பாடங்களும் உண்டு. கடையில் விற்கும் கைடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்தப் புத்தகங்களுக்கு ஈடாகாது. எட்டு வருடம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தபின் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு என்பது முழுப்பெயர். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50 போதும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695.

எங்கள் ஊர் சென்னிமலைக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கைத்தறி நெசவு. நான் எட்டாவது படித்தபோது இந்த உதவித்தொகை மாதம் 500 ரூபாய்தான். 2017-லிருந்துதான் அது 1,000 ஆனது. அந்த 500 எங்கள் வீட்டுக்குப் பெரிய காசு. எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். எட்டு வருடம் கழித்து தம்பி எழுதியபோது நான் கணிதத்தில் இளங்கலை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். முதலில் அவனை டவுனில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். பஸ்ஸில் போய்வரவே ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கே கேள்வியைப் படித்து விடையைச் சொல்லி அடுத்ததற்குப் போனார்கள். தம்பி நோட்டு நிறைய விடைகளோடு வந்தான், அந்த விடை எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டு நானே உட்கார வைத்தேன். அவன் தேர்வானான். மறுவருடம் தெருப்பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். அப்படியே தொடர்கிறது. பள்ளியில் ஆசிரியர்களும் மாலையில் தனியாக வகுப்பு எடுக்கிறார்கள். அதை ஒருநாளும் தவறவிடக் கூடாது, எங்கள் ஆசாரம் அதற்கு மேல்தான்.

தேர்வு இரண்டு பகுதி. மனத்திறன் தேர்வை மேட் என்கிறோம், 90 கேள்வி, 90 நிமிடம். படிப்பறிவுத் தேர்வு சாட், அதற்கும் அதே 90, அதே நேரம். சாட்டில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. பிள்ளைகளும் பெற்றோரும் மேட் பின்னால்தான் ஓடுகிறார்கள். அது புதிதாக இருக்கிறது, புதிர் மாதிரி இருக்கிறது, அதற்குத்தான் பயிற்சி வேண்டும் என்று நினைக்கிறார்கள். சமூக அறிவியலை "அது படிச்சுக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். 35 மதிப்பெண்! கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்கள் பிள்ளைகளில் பட்டியலுக்குப் பக்கத்தில் வந்து நழுவியவர்கள் அநேகமாக எல்லாருமே சமூக அறிவியலில்தான் நழுவினார்கள்.

அதை எப்படிப் படிப்பது? தம்பிக்கு அம்மா செய்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். சாயங்காலம் இராட்டையில் நெசவு நூலைத் தார் சுற்றும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். ஒரு பத்தி முடிந்ததும், "யாரு முன்னால, யாரு பின்னால?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விதான். ஆனால் இந்தத் தேர்வுக்கு அது சரியான கேள்வி. காலவரிசைப்படுத்து, பொருத்துக, எது தவறான இணை என்றுதான் வினாக்கள் வருகின்றன. ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்தவன் அங்கே நின்றுவிடுவான்.

எட்டாம் வகுப்பில் பாளையக்காரர் கலகம் வருகிறது. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799. மருது சகோதரர்கள் 1801. தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் 1805. வேலூர்ப் புரட்சி 1806. இந்த நான்கையும் வரிசையாகச் சொல்லத் திணறிய ஒரு பிள்ளையிடம், "ஓடாநிலைக்கு ஆடிப் பதினெட்டுக்குப் போவியே, அது யாருக்கு?" என்று கேட்டேன். "சின்னமலைக்குங்க." "அவர் போன அடுத்த வருசம் வேலூர்ல." அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். அரச்சலூருக்குப் பக்கத்தில் ஓடாநிலையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் வெறும் எழுத்தாக இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போய் வாருங்கள், சங்ககிரி மலைக்கோட்டைக்கும் முடிந்தால் போங்கள்.

அடுத்து மேட். இதில் எண் தொடர், எழுத்துத் தொடர், குறியீடு, திசை, உறவு முறை, கடிகாரம், நாட்காட்டி, கண்ணாடி பிம்பம், நீர் பிம்பம், வெண்படம், பகடை, படத்தில் முக்கோணம் எண்ணுதல் என்று வகைகள் குறைவுதான். ஒரு வாரத்துக்கு ஒரு வகை எடுத்தால் தீபாவளிக்குள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

குறுக்கு வழிகளைச் சொல்லித் தரலாம், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணாடியில் கடிகாரம் 4.20 காட்டினால் உண்மையான நேரம் என்ன? 11.60-லிருந்து 4.20-ஐக் கழி, 7.40 என்பது எல்லாருக்கும் சொல்லித் தருகிற வழி. நான் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் பிடிப்பேன். முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கண்ணாடியில் தெரியும் நேரத்தையும் உண்மையான நேரத்தையும் கூட்டினால் எப்போதும் 12 மணி வருகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகத்தான் எட்டு வருடமாக இந்த வகுப்பை விடாமல் நடத்துகிறேன்.

வண்ணம் பூசிய கனசதுரக் கேள்விக்குக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு. தோல் சீவிக் கனசதுரமாக நறுக்கி, ஆறு பக்கமும் மஞ்சளைக் குழைத்துப் பூசி, காயவிட்டு, நீளம் அகலம் உயரம் ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டினால் 27 துண்டு. மூன்று பக்கம் மஞ்சள் உள்ளவை மூலையில் இருந்த 8. இரண்டு பக்கம் 12. ஒரு பக்கம் 6. நடுவிலிருந்து ஒன்றே ஒன்று வெள்ளையாக வரும். அந்த ஒரு துண்டைக் கையில் வைத்துப் பார்த்த பிள்ளை, நான்காக வெட்டினால் உள்ளே 8 வெள்ளை இருக்கும் என்று தானே சொல்லிவிடும்.

திசைக் கேள்வியில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. இங்கே காட்டுக்கு வழி கேட்டால் வலது இடது சொல்லமாட்டார்கள், வடபுறம் போய் மேபுறம் (மேற்கே) திரும்பு என்பார்கள். ஆனால் தேர்வில் "தெற்கு நோக்கி நடந்து இடப்புறம் திரும்பினான்" என்று வரும். தெற்கே பார்த்து நிற்பவனுக்கு இடக்கை கிழக்கே இருக்கிறது. இதைத் தாளில் வரைந்தால் குழப்பம்தான். வாசலில் இறக்கி நடக்க விடுங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும். உறவு முறையும் அப்படித்தான். அப்பாவின் அப்பா அப்பாரு, அம்மாவின் அப்பா அப்புச்சி என்று தனித்தனிச் சொல் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு, "என் தாயின் தந்தையின் ஒரே மகன்" என்று கேட்டால் மாமன் முகம் உடனே வந்துவிடும். கேள்வியில் உள்ள ஆளின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்துக் குறியீட்டுக்கு 5, 10, 15, 20, 25-ஆம் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்த 'ஈஜோட்டி' தெரிந்தால் போதும். அதிகம் மெனக்கெட வேண்டாம்.

இப்போது என் கதை. அன்று மேட்டில் 41-ஆம் கேள்வி வரவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு 42-க்குப் போனேன். விடைத்தாளில் மட்டும் 41-ஆம் வரிசையிலேயே நிரப்பிவிட்டேன். அதன்பின் எல்லாமே ஒரு படி மேலே. 68-க்கு வந்தபோதுதான் தெரிந்தது. பேனாவில் கறுப்பாக்கிய வட்டத்தை அழிக்க முடியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மீதி நேரம் அதிலேயே போயிற்று. அந்த நாளை நான் மறக்கவே இல்லை. அதனால் எங்கள் வகுப்பில் அக்டோபரிலிருந்து எந்தப் பயிற்சித் தேர்வும் நகலெடுத்த ஓ.எம்.ஆர். தாளில், அதாவது வட்டம் நிரப்பும் விடைத்தாளில்தான். இடது கை ஆள்காட்டி விரல் கேள்வி எண்மேல் இருக்க வேண்டும், வட்டத்தை நிரப்பும் முன் அந்த எண்ணை உதட்டில் சொல்ல வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியும். செய்ய வையுங்கள்.

இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. ஆகவே எதையும் காலியாக விடவே கூடாது. தெரியாத கேள்விக்கும் அதே இடத்தில் ஏதோ ஒன்றை நிரப்பிவிட்டு, வினாத்தாளில் ஒரு சுழி போட்டுக்கொண்டு நகர வேண்டும். வரிசை மாறுகிற பேச்சுக்கே இடமிருக்காது.

தேர்ச்சிக்கு இரண்டும் சேர்த்து 40 சதவீதம், அதாவது 180-க்கு 72 என்பார்கள். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 32 சதவீதம். 72 எடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அது வாசற்படிதான், பட்டியலில் இடம்பிடிப்பது மதிப்பெண் வரிசைப்படி. நான் பிள்ளைகளுக்கு 120-ஐக் குறி வைக்கச் சொல்வேன்.

படிப்பைத் தாண்டி இரண்டு விஷயம் பெற்றோர் கையில் இருக்கிறது. ஒன்று காகிதம். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். ஆதார், பள்ளிப் பதிவேடு, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளை ஒருத்திக்கு ஓரிடத்தில் இனிஷியல், ஓரிடத்தில் அப்பா பெயர் முழுதாக. தேர்வாகியும் முதல் வருடப் பணம் வர அவள் அம்மா பனியன் கம்பெனிக்கு லீவு போட்டு நாலு முறை அலைந்தார். தேர்வான பிறகு ஒன்பதாம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் மேலே தொடரும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 55.

இன்னொன்று நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது. பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று தெரிந்ததும் நாமக்கல் பக்கமோ ராசிபுரம் பக்கமோ ஹாஸ்டலோடு தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்குப் போனால் இந்த உதவித்தொகை போய்விடும். எங்கே சேர்ப்பது என்பது அவரவர் முடிவு, நான் தலையிட மாட்டேன். ஆனால் போகும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. அதையும் சேர்த்து யோசியுங்கள்.

கிடைக்காமல் போனால்? ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. பதினொன்றில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் இரண்டு வருடம். நான் எட்டாவதில் தோற்றபின் வேறு எதையும் எழுதவே இல்லை, சொல்ல ஆள் இல்லை. அதனால் முடிவு வந்த மறுநாளே, கிடைக்காத பிள்ளையின் வீட்டுக்கு நானே போய்விடுவேன். போன வருடம் அப்படிப் போனபோது அந்தப் பையன் தன் ஏழாம் வகுப்புப் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டித் திண்ணையில் வைத்திருந்தான். எடைக்குப் போடப் போகிறானோ என்று பதறிவிட்டேன். "இல்லீங்க அக்கா, வர்ற வருசம் வர்ற புள்ளைங்களுக்கு" என்று என் கையில் கொடுத்தான்.