பொலிவியாவைப் பெருவின் பின்னிணைப்பாக்க வேண்டாம்

பெருவில் மச்சு பிச்சுவைப் பார்த்து முடித்தபின், திரும்பும் விமானத்துக்கு மிஞ்சியிருக்கும் இரண்டொரு நாளில் எல்லையைத் தாண்டி உயுனி உப்புவெளிக்குச் சென்று படம் எடுத்துக்கொண்டு வருவதுதான் பொலிவியப் பயணம் என்ற எண்ணம் நம்மவர்களிடையே ஊன்றிப்போயிருக்கிறது. பயண முகவர்களும் அப்படியே திட்டம் வகுத்துத் தருகிறார்கள். அந்த நாட்டிலிருந்து திரும்பிய சூட்டோடு சொல்கிறேன், அவ்வளவு தொலைவு சென்று இவ்வளவு குறைவாகப் பார்த்துத் திரும்புவது கைக்காசுக்குச் செய்யும் அநியாயம். இந்தியாவிலிருந்து தென்னமெரிக்காவுக்கான விமானக் கட்டணமே மொத்தச் செலவில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. அதைக் கொடுத்துப் போய்ச் சேர்ந்தபின், தங்குமிடமும் சாப்பாடும் பேருந்தும் பெருவையும் சிலியையும் விட மலிவாகக் கிடைக்கும் பொலிவியாவில்தான் கூடுதல் நாட்களைச் செலவிட வேண்டும்.

லா பாஸ், டிட்டிகாக்கா ஏரி, உயுனி, பொட்டோசி, சுக்ரே என்பது நானும் என் கணவரும் சென்ற வரிசை. அதே வரிசையில் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் உயுனியை முதலில் சொல்லாவிட்டால் மற்றவற்றில் என் மனம் நிற்காது.

சாலார் டே உயுனி 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கும் உப்புவெளி. உலகிலேயே மிகப் பெரியது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்த பெரும் ஏரிகள் வற்றிப்போனதால் உண்டானது. ஜனவரி முதல் மார்ச் வரை மழைநீர் மெல்லியதாகத் தேங்கி, வானம் முழுவதையும் தரையில் காட்டும். இணையத்தில் நாம் பார்க்கும் படங்களில் பல அப்போது எடுத்தவை. நாங்கள் சென்றது வறண்ட பருவத்தில். கண்ணாடி போன்ற நீரைக் காணாதவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும் என்று பலரும் எச்சரித்திருந்தார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வறண்ட உப்பின் மேல் மண்டியிட்டுப் பாருங்கள்: தரை முழுவதும் அறுகோணங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் விளிம்பிலும் விரல் உயரத்துக்கு உப்பு வரப்பு கட்டியிருக்கும். அந்த வரப்பை நகத்தால் சுரண்டினால் சர்க்கரைப் படிகம் போல உதிரும், நாக்கில் வைத்தால் முதலில் உவர்ப்பும் பிறகு ஒரு மெல்லிய கசப்பும் தெரியும். சில இடங்களில் உப்புத் தளத்தில் துளை விழுந்து, அடியிலுள்ள நீர் குமிழியிட்டு மேலே வருகிறது. அந்த உவர்நீரில்தான் உலகின் மிகப்பெரிய லித்தியம் இருப்புகளில் ஒன்று கரைந்திருக்கிறது.

நடுவில் இன்காவாசி என்ற பாறைத் தீவு எழுந்து நிற்கிறது. பனையளவு உயர்ந்த கள்ளிகள் அதன்மேல் அடர்ந்திருக்கின்றன. மேலே ஏறிப் பார்த்தால் நான்கு திசையிலும் வெண்மை. வடக்கில் மட்டும் தூனுப்பா எரிமலை. தூனுப்பா ஒரு பெண், குழந்தையைப் பிரிந்த துயரத்தில் அவள் சிந்திய கண்ணீரும் தாய்ப்பாலும் கலந்து உறைந்ததே இந்த உப்புவெளி என்று ஐமரா பழங்குடி மக்கள் கதை சொல்கிறார்கள். எங்கள் ஜீப் ஓட்டுநர் அந்த மலையின் தோள் எந்தப் பக்கம் தெரிகிறது என்பதைப் பார்த்தே, சாலையும் பலகையும் இல்லாத வெளியில் வண்டியை நேராகச் செலுத்தினார். உப்புவெளி ஓரத்திலுள்ள கொல்ச்சானி கிராமத்தில் ஒரு குடும்பத்தின் பட்டறைக்கும் அழைத்துச் சென்றார். உலர்த்திப் பொடித்து அயோடின் சேர்த்த உப்பை ஓர் அம்மையார் பிளாஸ்டிக் பையில் அள்ளி, பையின் வாயைச் சிறிய எரிவாயுச் சுடரில் காட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே இருந்தாலும் கை ஒரு முறையும் தவறவில்லை. விரல் நுனிகள் மட்டும் வெடித்திருந்தன. அவரிடம் இரண்டு பை உப்பு வாங்கினோம், அங்கே செலவழித்த காசில் இதைவிட நிறைவாகக் கொடுத்தது வேறில்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். உயுனி ஊரில் தெருவுக்குத் தெரு சுற்றுலா அலுவலகங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே வண்டியில் ஆள் நிரப்புகின்றன. எங்கள் ஜீப்பில் இருந்த அறுவரும் கொடுத்த தொகையை ஒப்பிட்டபோது, ஒரே இருக்கைக்கும் ஒரே சாப்பாட்டுக்கும் மூன்று வெவ்வேறு விலை! நாங்கள் பணம் கட்டிய அலுவலகத்தில் “எல்லாம் சேர்த்தி” என்று வாயாரச் சொன்னார்கள். ஆனால் எடுவார்டோ ஆவரோவா தேசிய வனக்காப்பகத்தின் நுழைவாயிலில் ஆளுக்கு 150 பொலிவியானோ (அந்நாட்டு நாணயம்), இன்காவாசித் தீவில் 30 பொலிவியானோ, வெந்நீர் ஊற்றில் தனியாக ஒரு தொகை என்று வழிநெடுகக் கை நீட்ட வேண்டியிருந்தது. இந்தக் கட்டணங்களைக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை, அந்த நிலத்தைக் காப்பாற்ற அவை தேவை. மறைத்ததுதான் தவறு. பணம் கட்டுமுன் எவையெவை சேராது என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஏடிஎம் எதுவும் இல்லாத பாதை என்பதால் சில்லறை நோட்டுகளை முன்கூட்டியே எடுத்துவையுங்கள்.

ஒரே நாளில் உப்புவெளியை மட்டும் பார்த்துத் திரும்பும் சுற்றையும், சிலி எல்லை வரை செல்லும் மூன்று நாள் சுற்றையும் அருகருகே வைத்து விற்கிறார்கள். பணம் நெருக்கினாலும் மூன்று நாள் சுற்றையே எடுங்கள், வேறெங்காவது மிச்சம் பிடித்துக்கொள்ளலாம். உப்பைத் தாண்டித் தெற்கே செல்லச் செல்ல நிலம் நிறம் மாறிக்கொண்டே வருகிறது. சிலோலி பாலைவனத்தில் காற்று அரித்து மரம் போலாக்கிய பாறை ஒன்று நிற்கிறது. அதற்கப்பால் லகூனா கொலராடா: பாசியும் கனிமங்களும் சேர்ந்து செங்கல் சிவப்பாக்கிய ஏரி, இடையிடையே போராக்ஸ் படிந்த வெள்ளைத் திட்டுகள், அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கில் பூநாரைகள். ஆண்டியப் பூநாரை, சிலியப் பூநாரை, ஜேம்ஸ் பூநாரை என மூன்று இனங்கள் அங்கே ஒன்றாக மேய்கின்றன. அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, அடி மேல் அடி வைத்து அவை நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஓட்டுநர் இரண்டு முறை ஒலிப்பான் அடித்த பிறகே கிளம்பினோம். அன்றிரவு தங்கிய விடுதியில் குழாய் நீர் உறைந்துவிட்டது. விடியுமுன் கிளப்பி, 4,800 மீட்டருக்கும் மேலே உள்ள சோல் டே மன்யானாவுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே சாம்பல் நிறச் சேறு பள்ளங்களில் கொதித்துப் பொங்க, கந்தக நெடியுடன் நீராவி சீறிக்கொண்டிருந்தது. வேலி எதுவும் இல்லை, ஓட்டுநர் காட்டும் தடத்தை விட்டு ஓரடிகூட விலகக் கூடாது.

உயுனிக்கு நாங்கள் வந்து சேர்ந்த பேருந்தைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். லா பாஸிலிருந்து இரவுப் பேருந்து. படுக்கை போலச் சாயும் இருக்கை, வெப்பமூட்டி, போர்வை, இரவுணவு எல்லாம் உண்டு என்று சொல்லி உயர்ந்த கட்டணம் வாங்கினார்கள். வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. போர்வை தீர்ந்துவிட்டது என்றார் உதவியாளர். நள்ளிரவுக்குப் பின் சன்னல் கண்ணாடியின் உட்புறத்திலேயே பனி படிந்துவிட்டது. மடிப்பு மடிப்பான பாவாடையும் வட்டத் தொப்பியும் அணிந்து பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர், முதுகில் மூட்டை கட்டும் வண்ணத் துணியை அவிழ்த்து, “இதைப் போர்த்திக்கொள் மகளே, இது ஆல்பாக்கா ரோமம்” என்று என் கால்மேல் போட்டார். ஸ்பானிய மொழியில் எனக்குத் தெரிந்த சொற்பத்தைக் கொண்டு நன்றி சொன்னேன். கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருமாறு காலையில் அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் கேட்டதற்குப் பதிலே கிடைக்கவில்லை. மே முதல் ஆகஸ்ட் வரை செல்பவர்கள் எந்த வாக்குறுதியையும் நம்பாமல் உறைபனிக்கு ஏற்ற உறக்கப்பையுடன் ஏறுங்கள்.

லா பாஸ் நகரம் ஏறத்தாழ 3,600 மீட்டரில் ஒரு பள்ளத்தாக்குக்குள் கொட்டிக் கிடக்கிறது. விமான நிலையம் அதற்கும் மேலே, 4,000 மீட்டரைத் தாண்டிய எல் ஆல்ட்டோவில். இறங்கியதும் தலை கனப்பதும் மூச்சு வாங்குவதும் இயல்பு. முதல் நாள் மெதுவாக நடந்து, நிறையத் தண்ணீரும் கோக்கா இலைத் தேநீரும் குடித்தால் போதும். தாழ்நிலத்திலுள்ள சாண்டா குரூஸ் நகரம் வழியாக வருபவர்கள் 2,800 மீட்டரில் உள்ள சுக்ரேயில் தொடங்கிப் படிப்படியாக மேலேறுவது உடம்புக்கு இன்னும் நல்லது. லா பாஸில் காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய முதல் காட்சி 2014-இல் தொடங்கிய மி டெலிஃபெரிக்கோ என்ற கம்பிவட ஊர்திதான். பத்துத் தடங்களில் அலுவலகம் போவோரும் பள்ளிப் பிள்ளைகளும் அன்றாடம் பயணம் செய்யும் பொதுப் போக்குவரத்து அது. நாங்கள் சென்றபோது ஒரு முறைக்கு 3 பொலிவியானோதான். செங்கல் வீடுகளின் மொட்டை மாடிகளுக்கு மேலே மிதந்து, எதிரே 6,438 மீட்டர் உயர இல்லிமானியின் பனிமுகடுகளைப் பார்த்தபடி செல்லும் அந்தப் பயணத்துக்கு எந்தச் சுற்றுலாப் பேருந்தும் ஈடாகாது.

வாடகைக் கார்களில் மீட்டர் கிடையாது. பேருந்து நிலையத்தில் ஒருவரிடம், இருவருக்கும் சேர்த்து இவ்வளவு என்று விரல் காட்டிப் பேசி முடித்த பிறகே ஏறினோம். விடுதி வாசலில் அது ஆளுக்கு உரிய கூலி என்று வாதிட்டார். பேசிய தொகையை இருக்கையில் வைத்துவிட்டுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டோம்; முணுமுணுத்தபடியே எடுத்துக்கொண்டு போனார். நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சாப்பாட்டில் பொலிவியா எங்களை மகிழ்வித்ததைப் போல அண்டை நாடுகள் மகிழ்விக்கவில்லை. சந்தைக் கட்டடத்தின் மாடியில் காலை வேளையில் கிடைக்கும் ஆப்பி, ஊதா நிற மக்காச்சோளத்தைப் பட்டை, கிராம்பு சேர்த்துக் கொதிக்கவைத்த கெட்டியான சூடான பானம். அதனுடன் பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்து, உப்பிப் பெருத்து, மேலே சர்க்கரைப் பொடி தூவிய பாஸ்டெல். குளிர்ந்த கையால் அதைப் பிய்த்தால் ஆவி முகத்தில் அடிக்கும். லோக்கோட்டோ மிளகாயையும் தக்காளியையும் தட்டைக்கல்லில் அரைத்து மேசைதோறும் வைக்கும் யஹுவா, நம் வீட்டு அம்மியில் அரைத்த தக்காளிச் சட்டினியின் உடன்பிறப்பு. நிலக்கடலையின் பூர்விகமே தெற்குப் பொலிவியாவை ஒட்டிய நிலப்பகுதிதான். அங்கே அதை அரைத்துச் செய்யும் சோப்பா டே மனி என்ற சூப்பை ஒரு நாளும் விடாமல் குடித்தோம். சைவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும், காய்கறி சூப் என்று சொல்வதிலும் எலும்புச் சாறு கலந்திருக்கும்.

டிட்டிகாக்கா ஏரிக்குச் செல்லும் வழியில் டிக்கினா நீரிணையைக் கடக்கும் காட்சியைத் தவறவிடாதீர்கள்: பயணிகள் சிறு படகில் செல்ல, பேருந்து மட்டும் தட்டையான மரத் தெப்பத்தில் தள்ளாடியபடி வந்து சேர்கிறது. 1879-இல் மூண்ட பசிபிக் போரில் சிலியிடம் கடற்கரை முழுவதையும் இழந்த பொலிவியா, இன்றும் கடற்படையை வைத்துக்கொண்டு இந்த ஏரியில் பயிற்சி செய்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 23 கடல் நாளாக அனுசரிக்கப்படுகிறது என்று படகில் ஒருவர் சொன்னபோது, அவர் குரலில் இருந்த ஆற்றாமை வரலாற்றுப் பாடமாக எனக்குப் படவில்லை.

பொட்டோசி கனமான ஊர். 1545-இல் செர்ரோ ரிக்கோ மலையில் வெள்ளி கிடைத்ததும் ஸ்பானியர் எழுப்பிய இந்நகரம், அந்நாளில் உலகின் பெரு நகரங்களில் ஒன்றாக வளர்ந்தது. கட்டாய உழைப்புக்கு இழுத்து வரப்பட்ட பழங்குடி மக்கள் எண்ணற்றோர் சுரங்கங்களில் மாண்டார்கள். நாணயச் சாலையாக இருந்து அருங்காட்சியகமாகிவிட்ட காசா டே லா மொனேதாவில், வெள்ளித் தகடுகளை மெலிதாக்கிய மாபெரும் மரப் பற்சக்கரங்கள் இன்னும் இருக்கின்றன. கீழ்த் தளத்தில் கோவேறு கழுதைகளைப் பூட்டி அவற்றைச் சுழற்றினார்கள். இங்கே வார்த்த வெள்ளி கடல்கடந்து ஆசியச் சந்தைகளுக்கும் வந்து சேர்ந்தது. அதே நாட்டின் நாணயங்கள் இன்று வெளிநாடுகளில் அச்சாகின்றன. சுரங்கத்துக்குள் பயணிகளை அழைத்துச் செல்லும் சுற்றுக்கு நாங்கள் போகவில்லை. மனிதர்கள் நுரையீரலைப் பறிகொடுத்து வேலை செய்யும் இடத்தைத் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, எவ்வளவு பரிந்துரைத்தாலும் படாது.

சுக்ரே அதற்கு மருந்து. வெள்ளையடித்த வீடுகள், 1825 ஆகஸ்ட் 6 அன்று விடுதலைப் பிரகடனம் கையெழுத்தான மண்டபம், இதமான வெயில். ஊருக்கு வெளியே, சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குழியில், கால் ஓர்க்கோ என்ற ஏறத்தாழ செங்குத்தான பாறைச் சுவரில் 5,000-க்கும் மேற்பட்ட டைனோசர் காலடிகள் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. ஏறத்தாழ 6.8 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கரைச் சேறாக இருந்த தளம், ஆண்டீஸ் மலை எழும்பியபோது சாய்ந்து நிமிர்ந்துவிட்டது. தலைக்கவசத்துடன் சுவரின் அடிவாரம் வரை அழைத்துச் செல்லும் நண்பகல் நேரச் சுற்றையே தேர்ந்தெடுங்கள், மேலேயுள்ள பார்வை மேடையிலிருந்து பார்த்தால் தடங்கள் வெறும் புள்ளிகள்தான்.

பணத்தைப் பொறுத்தவரை, 2023 முதல் நிலவிய டாலர் தட்டுப்பாட்டால் அட்டையைவிட ரொக்க டாலருக்கு மதிப்பு கூடியிருந்தது. கிளம்புமுன் அன்றைய நிலவரத்தை விசாரித்துக்கொண்டு, கிழியாத, கசங்காத நோட்டுகளைக் கொண்டு செல்லுங்கள். கோக்கா இலை அங்கே சட்டப்படி விற்பனையாகிறது, ஆனால் இந்தியாவில் அது குற்றம். பையில் ஓர் இலையும் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் இந்தியப் பட்டியலில் பொலிவியாவும் இருப்பதால், தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் நேராக ஊர் திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும் என்பதால், சென்னையில் இருப்பவர்கள் விசாவுக்கு அலையத் தொடங்கும்போதே கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் அதையும் போட்டுக்கொள்வது நல்லது.