21 துண்டுகளில் ஒரு கல்வெட்டு

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 1858-லேயே ஒருவர் போட்டோ எடுத்துவிட்டார். லின்னேயஸ் டிரைப், மதராஸ் ராணுவத்தில் கேப்டன், மாகாண அரசின் போட்டோகிராபர். 21 பிரிண்டுகளை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் அந்தக் கல்வெட்டுகளைப் படித்து அச்சுக்குக் கொண்டுவந்தது 1890-களில்தான்!

நெகட்டிவ் பெரும்பாலும் மெழுகேற்றிய காகிதம். அன்றைய ரசாயனத்தில் நீல நிறம்தான் சட்டென்று பதியும். கோபுரம் சரியாகப் பதிவதற்குள் வானம் வெளுத்துவிடும். அதனால் நெகட்டிவ் மேலேயே வண்ணம் தொட்டு மேகம் தீட்டுவார். அவருடைய மதுரை, தஞ்சைப் படங்களை ஜூம் செய்து பாருங்கள், கல்லின் சொரசொரப்பு கையில் தட்டுப்படும். இன்றைய போட்டோக்களில்கூட எனக்கு அது கிடைப்பதில்லை.

1859-ல் கவர்னர் டிரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். இதை மட்டும் என்னால் ஆற்றிக்கொள்ளவே முடியவில்லை. இன்னும் பத்து வருஷம் விட்டிருந்தால் எத்தனை கோயில், எத்தனை ஊர் பதிவாகியிருக்கும்!